ஒன்பது வயதில் ஒரு தவணை

பிளந்த உதட்டோடு குழந்தை பிறந்தால் நம்மூரில் முதலில் விசாரணைக்கு வருவது கிரகணம்தான். "மாசமா இருக்கும்போது வெளியே போனியா?" என்று தாயைத்தான் குடைவார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலகம் முழுக்க ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது.

நல்ல சேதி என்னவென்றால், ஆறு மாதத்துக்குள் உதட்டையும் ஒன்றரை வயதுக்குள் அன்னத்தையும் ஆபரேஷனில் சரிசெய்துவிடலாம். 1999ல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகளால் பல ஆஸ்பத்திரிகளில் இது இலவசம். 2009ல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' இப்படி உதடு சரியான ஒரு சிறுமியின் கதைதான்.

படம் அங்கே முடியலாம். சிகிச்சை முடியாது!

பல குழந்தைகளுக்குப் பிளவு உதட்டோடு நிற்பதில்லை. மேல் ஈறுக்குள், பல் உட்கார வேண்டிய எலும்பிலும் இடைவெளி இருக்கும். சுவரே இல்லாத இடத்தில் ஜன்னல் வைக்க முடியுமா? 11, 12 வயதில் இறங்க வேண்டிய கோரைப்பல் வழி கிடைக்காமல் உள்ளேயே நின்றுவிடலாம், அல்லது பிடிப்பில்லாமல் கோணலாக வரலாம். அதனால் பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள், அந்தப் பல் இறங்கும் முன்பே, இடுப்பெலும்பின் உள்ளிருந்து பஞ்சு போன்ற எலும்பை எடுத்து இடைவெளியில் நிரப்புகிறார்கள். பாய்ன், சாண்ட்ஸ் என்ற இருவர் 1972ல் எழுதிய முறை இது. புது எலும்பு வழியாகப் பல் இறங்குகிறது. பல் வந்து நிற்பதால் அந்த எலும்பும் கரையாமல் நிலைக்கிறது. ஒன்றுக்கு ஒன்று துணை.

"பல்லுதானே, பெரியவனானதும் கட்டிக்கலாம்" என்பவர்கள் உண்டு. பிறகும் செய்யலாம்தான். ஆனால் பல் இறங்கிய பிறகு வைக்கும் எலும்பு அவ்வளவு நன்றாக நிலைப்பதில்லை. செயற்கைப் பல்லை எலும்பில் பதிக்க நினைத்தாலும் அங்கே எலும்பு வேண்டுமே!

சிக்கல் மருத்துவத்தில் இல்லை, நடுவில் இருக்கும் ஏழெட்டு வருடத்தில் இருக்கிறது. உதடு சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீடு நினைக்கிறது. தினக்கூலிக்குப் போகும் அப்பாவுக்கு, மறுபடி ஆஸ்பத்திரி என்றால் ஒரு வாரச் சம்பளம் போச்சு. முதல் தவணை கட்டியதைக் கொண்டாடிவிட்டு அடுத்த தவணையை மறந்தால், கடன் தீர்ந்ததாக யாராவது கணக்கு எழுதுவார்களா?

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. முதல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "இந்த வருடம் எலும்பு வைக்க வரவேண்டும்" என்று சீட்டில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தரட்டும். 2013ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. உதட்டில் தழும்புள்ள மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்தால், வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

எத்தனை உதடுகள் தைத்தோம் என்று மட்டும் எண்ணினால் போதாது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கோரைப்பல் ஒழுங்காக வந்தது என்றும் எண்ண வேண்டும்.