பழைய வயரிங்குக்குப் புதிய கையெழுத்து போதுமா?

ஆரோவில்லுக்குப் பக்கத்திலுள்ள இடையஞ்சாவடி போன்ற ஊர்களில் ஒரு வீட்டின் வயரிங் ஒரே மூச்சில் போடப்பட்டதாக இருப்பது அரிது. பல வீடுகளுக்கு மின்சாரம் முதலில் வந்தது குடிசைக்கு ஒரு விளக்கு என்ற அளவில்தான். 2006-இல் தொடங்கிய இலவச கலர் டி.வி. திட்டம், 2011-இல் வந்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் எனக் கருவிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கூரை போய்த் தளம் வந்தது. ஆரோவில்லுக்கு வருவோரை நம்பி வாடகை அறை கட்டியவர்கள் ஏ.சி.யும் கீசரும் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் வந்து லைன் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். எந்த வயர் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

கூடுதல் லோடு கேட்கும்போதோ வீட்டை விடுதியாக மாற்றும்போதோ, பழைய வேலைக்குச் சோதனை ரிப்போர்ட் எங்கே என்ற கேள்வி வருகிறது. சிலர் வீடு முழுவதையும் உடைத்து வயர் மாற்ற வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். வேறு சிலர், யாரிடமாவது ஒரு கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். முதலாவது பெரும்பாலும் தேவையற்ற பயம். இரண்டாவது ஆபத்து.

சட்டம் சொல்வது சிக்கலானதல்ல. மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் பொறுப்பு. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற, வயரிங்கின் திறனையோ தன்மையையோ மாற்றாத சிறு வேலைகளை யாரும் செய்யலாம். அதற்கு மேற்பட்ட வேலையை அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டு பாதுகாப்பு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. வேலை முடிந்ததும் சோதனை செய்து ஒப்பந்ததாரர் தரும் அறிக்கைதான் நாம் தொலைத்த, அல்லது கேட்டு வாங்காமல் விட்ட காகிதம்.

அந்தக் காகிதம் எதற்கு? ஒரு மெயின் போர்டைப் பாருங்கள். உள்ளே, அளவு மீறினால் தானே விழும் 32 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறது, அதிலிருந்து கிளம்புவதோ விளக்குக்குப் போட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். அதில் பிறகு கீசரையும் ஏ.சி.யையும் சேர்த்து மாட்டினால் வயர் சூடாகி இன்சுலேஷன் கருகும், எம்.சி.பி.யோ விழாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். எந்த வயருக்கு எந்த எம்.சி.பி. என்று எழுதி வைத்திருந்தால், அடுத்து வருபவர் அந்தத் தவறைச் செய்ய மாட்டார்.

சரிபார்க்கப்படாத வேலை என்ன செய்யும் என்பதற்கு டெல்லி உபஹார் திரையரங்கு கொடிய சாட்சி. 1997 ஜூன் 13 காலையில் அங்கிருந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுதானது. கேபிள் முனையை அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்தாமல் சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள். முறையாகச் சோதிக்காமல் மின்சாரம் கொடுத்தார்கள். மாலையில் அந்த இணைப்பு கழன்று தீப்பிடித்தது. 59 பேர் இறந்தார்கள்.

நம் பக்கத்தில் சோதித்துப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. மரக்காணம் கரையின் உப்புக் காற்று போர்டுக்குள் இருக்கும் திருகுகளையும் இணைப்புகளையும் அரிக்கும். எர்த் குழியில் கரியோடு போட்ட உப்பு மழைக்கு மழை கரைந்து போவதோடு, குழாயையும் தின்னும். கோடையில் செம்மண் காய்ந்துவிட்டால் எர்த் இன்னும் பலவீனமாகும். எனவே பழைய ரிப்போர்ட் கையில் இருந்தாலும் அது இன்றைய நிலையைச் சொல்லாது.

ஆகவே வழி இதுதான்: காகிதம் இல்லையென்றால், இருப்பதைச் சோதித்துப் புதிதாக எழுதுங்கள். உரிமம் பெற்றவர் மெயினை அணைத்து, டி.வி., எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கர் கருவி வைத்து இன்சுலேஷனை அளந்து பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். போர்டுகளைத் திறந்து, வயரின் அளவும் எம்.சி.பி.யும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பொருத்த வேண்டும். தேறாத லைனை மட்டும் மாற்றினால் போதும்.

கடைசியில் அவர் போடும் கையெழுத்து, தான் பார்த்ததற்கும் அளந்ததற்கும் மட்டுமே. பத்து வருடத்துக்கு முன் வேறொருவர் செய்த வேலைக்குப் பொறுப்பேற்று எழுதித் தரும்படி அவரை வற்புறுத்தக் கூடாது. "சுவருக்குள் இருப்பதைப் பார்க்க முடியவில்லை" என்று அவர் எழுதினால், அது நேர்மையான ரிப்போர்ட். அதை அதிகாரிகளும் மதித்து ஏற்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கான செலவு கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் சுமைதான். மின்வாரியமும் ஊராட்சிகளும் சேர்ந்து ஊருக்கு ஒரு நாள் மெக்கரோடு முகாம் நடத்தலாம். அதுவரை வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம்: இனி எந்த வயரிங் வேலை நடந்தாலும், சுவரைப் பூசி மூடுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சோதனை அறிக்கை கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.