பழைய பாதைக்கு என்ன கிடைக்கும்?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒன்றேகால் மணி நேரம். 2026 மத்திய பட்ஜெட்டில் ஏழு அதிவேக ரயில் வழித்தடங்களை அறிவித்த நாளிலிருந்து இதே பேச்சுதான். ஏழில் சென்னை–பெங்களூரு, ஹைதராபாத்–சென்னை இரண்டும் நம்மைத் தொடுபவை. ஆதரிக்கிறவர்கள் நேரக் கணக்கு சொல்கிறார்கள், எதிர்க்கிறவர்கள் செலவுக் கணக்கு சொல்கிறார்கள். இந்த வாரம் காதில் விழுந்த விவாதங்களிலும் பக்கத்தில் ஏற்கெனவே கிடக்கிற பழைய பாதையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். பாசஞ்சர் வண்டிகளுக்காக நான் ஓயாமல் மல்லுக்கு நிற்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கொரோனாவுக்குப் பிறகு அவற்றுக்கு ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்று பெயர் சூட்டி, குறைந்தபட்சக் கட்டணத்தைப் பத்து ரூபாயிலிருந்து முப்பதாக்கி, 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணத்துக்கு இறங்கி வந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. புல்லட் ரயில் கேள்வியையும் அந்த வண்டிகளில் போகிறவர்கள் பக்கம் நின்றுதான் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால் வருகிற விடை, ‘வேண்டவே வேண்டாம்’ என்பதல்ல.

அந்த விடையை விளக்க ஜப்பானில் தொடங்க வேண்டும். 1955இல் ஜப்பான் தேசிய ரயில்வேயின் தலைவராக சோகோ ஷின்ஜி பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 71. காரும் விமானமும் வந்துவிட்டன, ரயிலின் காலம் முடிந்தது என்று பணக்கார நாடுகள் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. டோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைத்த டோக்காய்டோ பாதையிலோ நிலைமை நேரெதிர். ஜப்பான் ரயில் பாதைகளின் மொத்த நீளத்தில் சுமார் 3 சதவீதமே இருந்த அந்தப் பாதை, நாட்டின் ரயில் போக்குவரத்தில் ஏறத்தாழக் கால் பங்கைச் சுமந்தது. 1958இல் விட்ட கொடாமா எக்ஸ்பிரஸ் 6 மணி 50 நிமிடத்தில் ஒசாக்கா போய்ச் சேர்ந்தது. ஆனால் அது மாதிரி இன்னும் பல வண்டிகள் விடத் தண்டவாளத்தில் இடமில்லை. பழைய குறுகிய பாதைக்குப் பக்கத்திலேயே அதே அளவில் இன்னும் இரண்டு தண்டவாளம் போட்டால் போதும் என்று ரயில்வேக்குள்ளேயே பலர் சொன்னார்கள். சோகோ கேட்கவில்லை. அகலமான, லெவல் கிராஸிங்கே இல்லாத தனிப்பாதை வேண்டும் என்று நின்றார். 1951இல் சகுராகிச்சோ நிலையத்தில் ரயில் தீப்பற்றி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் வேலையை விட்டுப் போயிருந்த பொறியாளர் ஷிமா ஹிதேயோவை வற்புறுத்தித் திரும்ப அழைத்துவந்தார். ஷிமாவின் தந்தையும் போருக்கு முன்பு இதே மாதிரித் திட்டத்துக்காக உழைத்தவர். அப்போது வாங்கிய நிலமும் தோண்டத் தொடங்கிய சுரங்கமும் மகன் காலத்தில் கைகொடுத்தன.

சீனப் பெருஞ்சுவர், எகிப்தின் பிரமிடு, யமாட்டோ போர்க்கப்பல் வரிசையில் இதுவும் ஒரு வீண்வேலை என்றார்கள் எதிர்ப்பாளர்கள். சோகோ காட்டிய மதிப்பீடு சுமார் 20,000 கோடி யென். அதற்குள் முடியாது என்பது அவருக்கே தெரியும். ஆட்சியில் யார் வந்தாலும் கைவிட முடியாதபடி 1961இல் உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கித் திட்டத்துக்கு முடிச்சுப் போட்டுவிட்டார். முடிவில் ஆன செலவு 38,000 கோடி யென். 1963இல் அவர் பதவி போனது; ஷிமாவும் கூடவே விலகினார். 1964 அக்டோபர் 1 அன்று நடந்த திறப்பு விழாவுக்கு இருவரையும் அழைக்கவில்லை. மதிப்பீட்டைக் குறைத்துக் காட்டியது தவறு. பாதை வென்றுவிட்டதால் அது நியாயமாகிவிடாது. ஆனால் பாதை வென்றது என்பதிலும் சந்தேகமில்லை. மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் பத்துக் கோடிப் பேர் ஏறியிறங்கினார்கள். இந்த வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. கொடாமா முதலான பகல்நேர விரைவு வண்டிகள் புதிய பாதைக்கு மாறியதும் பழைய பாதையில் இடம் பிறந்தது. சரக்கு வண்டிகளுக்கும், பெருநகரங்களுக்கு அன்றாடம் வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகளுக்கும் அந்த இடம் கிடைத்தது. புல்லட் ரயிலில் ஒருநாளும் கால் வைக்காத தொழிலாளிக்கும் அதனால் பலன் இருந்தது. புதிய பாதை செலவுக்குத் தகுமா என்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான்.

ஒரு பாதையில் எத்தனை வண்டி ஓடலாம் என்பதை முடிவுசெய்வது வண்டிகளுக்கு இடையிலான வேக வித்தியாசம். எல்லாம் ஒரே வேகத்தில் போனால் சில நிமிடத்துக்கு ஒன்று விடலாம்; டோக்காய்டோ ஷிங்கான்சென் என்ற அந்தப் புதிய பாதையில் நெரிசல் நேரத்தில் ஒரு திசையில் மட்டும் மணிக்கு 17 ரயில்கள் வரை ஓடுவது அதனால்தான். சரக்கு வண்டி, ஊருக்கு ஊர் நிற்கிற பாசஞ்சர், நிற்காமல் பறக்கிற எக்ஸ்பிரஸ் மூன்றையும் ஒரே தண்டவாளத்தில் விட்டால், மாட்டு வண்டிக்குப் பின்னால் ஒற்றைச் சாலையில் மாட்டிய பேருந்தின் கதைதான். வேகமான வண்டிக்கு முன்னால் நீண்ட தூரம் காலியாக வைத்திருக்க வேண்டும்; அதற்காக மெதுவான வண்டியை லூப் லைனில் ஒதுக்கிப் போட வேண்டும். வந்தே பாரத் ஒன்று கூடுதலாக வரும்போது பாசஞ்சர் ஏன் சிக்னலுக்காகக் கிடக்கிறது என்பதற்கு இதுவே காரணம். பழைய பாதையிலேயே வேகத்தைக் கூட்டினால் போதாதா, குறைந்த செலவில் முடியுமே என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. நிரம்பிய பாதையில் ஒருவருக்குக் கூட்டுகிற வேகம் இன்னொருவரின் காத்திருப்பிலிருந்து எடுக்கப்படுகிறது.

மும்பை–அகமதாபாத் திட்டத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள். 2017 செப்டம்பர் 14 அன்று அடிக்கல் நாட்டியபோது சொன்ன செலவு 1.08 லட்சம் கோடி ரூபாய்; அதில் பெரும்பகுதி 0.1 சதவீத வட்டிக்கு ஜப்பான் தரும் கடன். பதினைந்தே நாளில், செப்டம்பர் 29 அன்று, மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகலான நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அனில் ககோட்கர் குழு 2012இலேயே ரயில்வே பாதுகாப்புக்கு ஐந்தாண்டுகளில் சுமார் ஒரு லட்சம் கோடி ரூபாய் செலவிடச் சொல்லியிருந்தது. அந்தத் தொகையும் புல்லட் ரயில் தொகையும் ஏறக்குறைய ஒன்று என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்டியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜப்பான் கடன் இந்தத் திட்டத்துக்கென்றே வந்தது. திட்டத்தை நிறுத்தினால் அது நடைமேம்பாலமாக மாறிவிடாது. மும்பையிலிருந்து சூரத் வரையிலான பழைய பாதை நெரிசலில் திணறுகிறது என்பதும் உண்மை. இந்தியாவில் ஒரு தனிப்பாதை தேவைப்படும் இடம் எது என்று கேட்டால் அதை முதல் சிலவற்றில் வைப்பேன்.

ஆனால் அதே பாதையில் விரார் தாண்டிப் பாருங்கள். வைதர்ணா, சாஃபாளே, பால்கர், பொய்சர் வழியாக டஹாணு வரை மும்பை மின்சார ரயில் 2013இலிருந்து போகிறது. விரார் வரை நான்கு தண்டவாளம், அதற்கப்பால் இரண்டுதான். அந்த இரண்டில்தான் குஜராத், ராஜஸ்தான், டெல்லி எக்ஸ்பிரஸ்களும் சரக்கு வண்டிகளும் போக வேண்டும். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் லோக்கல் ஒதுங்கி நிற்கும். உள்ளே நிற்பவர்கள் வேலைக்குத் தாமதமாவார்கள். விராருக்கும் டஹாணுவுக்கும் நடுவே இன்னும் இரண்டு தண்டவாளம் போட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 3,600 கோடி ரூபாய், புல்லட் ரயிலுக்கு முதலில் சொன்ன செலவில் முப்பதில் ஒரு பங்கு. விராரிலும் பொய்சரிலும் புல்லட் ரயில் நிற்கும் என்று விளம்பரம் செய்யத் தெரிந்தவர்கள், அது ஓடத் தொடங்கியபின் பழைய பாதையில் எந்தெந்த எக்ஸ்பிரஸ் குறையும், டஹாணு லோக்கல் எத்தனை கூடும் என்று சொல்லவில்லை. நம் அகலப் பாதையில் ஷிங்கான்சென் வண்டி ஓட முடியாது. பழைய பாதைக்கு வரக்கூடிய ஒரே ஆதாயம் காலியாகிற இடம்தான். அதை யாருக்கு எழுதித் தருவது என்று முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால், இன்னும் நான்கு வந்தே பாரத் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

பிரிட்டனில் நடந்தது நமக்குப் பாடமாக இருக்க வேண்டும். லண்டனிலிருந்து வடக்கே போகும் மேற்குக் கடற்கரைப் பாதை நிரம்பி வழிந்ததுதான் ஹெச்எஸ்2 என்ற அதிவேக ரயில் திட்டத்தின் வலுவான காரணம். மக்களிடம் அதை வேகம் என்று சொல்லி விற்றார்கள். பர்மிங்காமுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போவதற்கு இத்தனை கோடியா என்று மக்கள் கேட்டபோது பதில் இல்லை. செலவு ஏற ஏற ஒவ்வொரு கிளையாக வெட்டினார்கள்: 2021இல் லீட்ஸ் கிளை, 2023 அக்டோபரில் மான்செஸ்டர் கிளை. இப்போது புதிய ரயில்கள் பர்மிங்காமுக்கு வடக்கே பழைய பாதையிலேயே ஏறிப் போக வேண்டும். அங்கே இருந்த நெரிசல் அப்படியே இருக்கிறது. ஜப்பானே பிறகு கடனில் மூழ்கியதே, 1987இல் தேசிய ரயில்வேயைப் பிரிக்கும்போது 37 லட்சம் கோடி யென் கடன் இருந்ததே என்பார்கள். இருந்தது. அது டோக்காய்டோ பாதை வைத்த கடன் அல்ல; அந்தப் பாதை லாபம்தான் ஈட்டியது. ஆளில்லாத கிளைப் பாதைகளின் நஷ்டமும், நெரிசலைப் பார்க்காமல் செல்வாக்குள்ளவர் தொகுதியைப் பார்த்து முடிவுசெய்த பாதைகளும் சேர்ந்துதான் அந்தக் கடன் வளர்ந்தது.

சென்னை–பெங்களூருக்கு வருகிறேன். அரக்கோணத்துக்கு மேற்கே ஜோலார்பேட்டை வரை இரட்டைப் பாதை. பெங்களூரு வண்டி, கோவை வண்டி, கேரள வண்டி, சரக்கு எல்லாம் அதன்மேல்தான். வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலையும் காலணித் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் ஊர்கள் அந்தத் தடத்தில் வரிசையாக இருக்கின்றன. அங்கே சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போகிறவர்கள்தான் எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டுக் காத்திருப்பவர்கள். ஆகவே தனிப்பாதைக்கு இங்கேயும் வலுவான காரணம் இருக்கிறது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் திட்ட அறிக்கையில் புதிய பாதையின் பயணிகள் எண்ணிக்கை, கட்டண வருவாய் ஆகியவற்றோடு பழைய பாதையின் கால அட்டவணையும் இருக்க வேண்டும்: எந்த எக்ஸ்பிரஸ் விலகும், காலை ஆறிலிருந்து பத்துக்குள் அரக்கோணம்–ஜோலார்பேட்டை பாசஞ்சர் எத்தனை ஓடும், அவற்றில் எத்தனை பெட்டி, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம். அந்த அட்டவணையைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதியாக நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். வைக்க மாட்டோம் என்றால், அதே பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து அரக்கோணத்திலிருந்து மூன்றாவது, நான்காவது தண்டவாளத்தை முதலில் போடட்டும். அதற்கு ஜப்பான் கடனும் வேண்டாம், இருபது ஆண்டும் வேண்டாம்.