கவசத்தின் எடை

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மேலை நாட்டு இளைஞர்களிடையே பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு ஒன்று பரவியிருக்கிறது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அதற்கு வழிவகுத்தது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். வெற்றி தோல்வியைப் பகடை சொல்லும். 1981-இல் வந்த ‘கால் ஆஃப் துலு’ 1920-களில் நடக்கும் கதை. இத்தகைய ஆட்டங்களில் பலர் விரும்பிக் கேட்பவை இரண்டு: குண்டு துளைக்காத கவசம், குழல் குறுக்கிய துப்பாக்கி.

கேட்டதைக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஆனால் அதற்குரிய விலையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆஸ்திரேலியாவின் நெட் கெல்லியை எண்ணிப் பாருங்கள். அவனும் கூட்டாளிகள் மூவரும் கலப்பையின் மண் புரட்டும் இரும்புத் தகடுகளை வளைத்துக் கவசம் செய்தனர். நெட்டின் கவசம் ஏறத்தாழ 44 கிலோ! நெல் மூட்டை சுமந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் பாரம் புரிகிறது. 1880 ஜூன் 28 அன்று கிளென்ரோவனில் காவலர் சுட்ட குண்டுகளைத் தகடு தடுத்தது. ஆயினும் குண்டின் உந்தம் எங்கே போகும்? அணிந்தவன் உடல்தானே அதைத் தாங்க வேண்டும்! கவசம் கால்களை மறைக்கவில்லை. காலில் குண்டு பட்டு விழுந்த நெட் பிடிபட்டான். அவ்வாண்டு நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்டான்.

பாரம் வேண்டாமென்றால் பட்டு உண்டு. சிகாகோவில் வாழ்ந்த பாதிரியார் காசிமிர் ஷெக்லென் 1897-இல் பட்டுக் கவசத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது அக்காலக் கைத்துப்பாக்கிக் குண்டுகளைத் தடுத்தது. வேகம் மிகுந்த பிற்காலக் குண்டுகளுக்கு ஈடுகொடுக்கவில்லை.

துப்பாக்கிக்கும் இதே கதைதான். குழலைக் குறுக்கினால் மேலங்கிக்குள் மறைக்கலாம். தொலைவில் உள்ள இலக்குக்கு அது உதவாது. சட்டமும் உண்டு. 18 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய சிதறுகுண்டுத் துப்பாக்கியைப் பதிவு செய்து 200 டாலர் வரி கட்ட வேண்டும் என்று 1934-இல் அமெரிக்கக் கூட்டரசு விதித்தது. கதை நடப்பது 1925-ஆ, 1935-ஆ என்பதை ஆட்டம் நடத்துபவர் அறிந்திருக்க வேண்டாமா?

“விளையாட்டுதானே, எடை எதற்கு?” என்று கேட்பாருண்டு. எடையில்லாக் கவசம் அணிந்தவனுக்கு அச்சமில்லை. ஓடுவதா, நிற்பதா என்று எண்ண வேண்டிய தேவையுமில்லை. சிந்திக்க இடமில்லாத ஆட்டத்தில் என்ன சுவை? ஆயுதத்துக்கு விலையே இல்லை என்ற எண்ணம் மேசையோடு நின்றுவிடுவதுமில்லை. துப்பாக்கியை வியந்து பார்க்கும் வயது நம்முடையது. நமக்கு இந்த எச்சரிக்கை மிகவும் தேவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வரலாறு என்றால் மன்னர் பெயரும் ஆண்டும் என்று மனப்பாடம் செய்தே வளர்ந்தேன். ஒரு கலப்பைத் தகட்டுக்குள் இவ்வளவு வரலாறும் இயற்பியலும் இருக்குமென்று எவரும் சொல்லவில்லை. நண்பர்களே, நம் வரலாற்று மன்றமும் இயற்பியல் மன்றமும் இணைந்து இத்தகைய ஆட்டம் ஒன்றை நடத்தட்டும். தாளின் ஒருபுறம் கவசத்தின் காப்பை எழுதுவோம். மறுபுறம் அதன் எடையை எழுதுவோம். இரண்டையும் படித்துவிட்டுப் பகடையை உருட்டுவோம்!