நிலாவுக்குத் தோழி இல்லை: துயருலகப் புனைவின் தலைவி குறித்து ஒரு மறுப்பு

தமிழ்த் துறைகளில் அண்மைக் காலமாக ஒப்பிலக்கிய ஆய்வு என்ற பெயரில் ஒரு பழக்கம் வேரூன்றி வருகின்றது. மேலைநாட்டு எதிர்காலப் புனைவுகளில் வரும் இளம்பெண் தலைவியரை எடுத்துக்கொண்டு, அவர்தம் 'வீரம்', 'துணிவு', 'தன்னம்பிக்கை' ஆகியவற்றைத் தலைப்புகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சான்றுகள் காட்டி, இத்தகைய தலைவி தமிழில் இல்லை என்று முடிப்பது அப்பழக்கம். இம்முடிவு இரண்டு வகையில் பிழையானது. அத்தலைவியர் துணிவினால் மட்டும் பிழைத்தவர் அல்லர் என்பது ஒன்று. தமிழில் அத்தகைய தலைவி இல்லை என்பதும் உண்மையன்று என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். டிஸ்டோபியா என்னும் சொல்லுக்கு நேராகத் 'துயருலகம்' என்ற சொல் இங்கு ஆளப்பெறுகின்றது. அதனினும் பொருத்தமான சொல்லை யாரேனும் தருவாராயின் மகிழ்ச்சியே.

1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'வையும் படிக்காத தமிழ் வாசகர் குறைவு. தூர்தர்ஷன் அதனைத் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பியது. ஆயினும் தமிழ்த் துறை ஆய்வுகளில் அந்நாவல் பெறும் இடம் 'அறிவியல் புனைகதை' என்ற இயலின் ஒரு பத்தியே. அப்பத்தியிலும் பேசப்பெறுவது கணிப்பொறி, எந்திர நாய், குடிமக்களுக்கு எண் வழங்கும் அரசு முதலியவற்றை ஆசிரியர் முன்கூட்டியே சொன்னார் என்ற வியப்புதான். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்கெடுப்பது பஞ்சாங்கம் பார்ப்போர் பணி. கதை நிகழ்வதாகக் குறிக்கப்பெற்ற காலத்தை நாட்காட்டி கடந்து சென்றுவிட்டது. பலித்தவை பழகிப்போயின, பலிக்காதவை மறந்துபோயின. ஆனால் நாவலின் நடுவே நிற்கும் இளம்பெண்ணை நாம் இன்னும் படிக்கவில்லை.

அவள் பெயர் நிலா. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் எல்லார்க்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசின் ஒப்புதல் வேண்டும். அவ்வொப்புதல் கிடைத்த மகிழ்ச்சியில் கதை தொடங்குகின்றது. அதற்குள் கணவன் சிபி காணாமற் போகின்றான். ரவி என்னும் அயலான் அவள் வீட்டில் தங்குவதற்கு அரசு ஆணையோடும், ஜீனோ என்னும் எந்திர நாயோடும் வந்து சேர்கின்றான். கணவனைத் தேடப் புகும் நிலாவுக்குக் கிடைக்கும் விடைதான் நாவலின் மிகக் கொடிய இடம். அப்படி ஒருவன் பதிவேட்டில் இல்லை என்கின்றது அரசு. இறந்தான் எனில் அழலாம். சிறைப்பட்டான் எனில் மன்றாடலாம். இருந்ததே இல்லை எனில் அவள் யாரிடம் செல்வாள்?

இக்காட்சியைச் சென்னையில் அமர்ந்து படிப்பவர்க்கு அது ஒரு கற்பனையாகத் தோன்றலாம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், கருநாடகமும் தமிழ்நாடும் ஆந்திரமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் உள்ள ராமகுப்பம், சாந்திபுரம், குப்பம் பகுதிகளில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அவ்வளவு தொலைவில் இல்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெற்றபோது வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்த நிலம் இதில் உண்டு. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின், படாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இப்பகுதி சேரவில்லை. குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் தோன்றியதும் இம்மொழிக் கலப்பின் பின்புலத்திலேயே. இங்கு ஒரு மாணவியின் பெயர் வீட்டில் ஒன்று, குடும்ப அட்டையில் வேறொன்று. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்வது தமிழர் வழக்கம். இண்டிப்பேரு எனப்படும் குடிப்பெயரைப் பெயருக்கு முன் எழுதுவது தெலுங்கர் வழக்கம். இன்றைய தெலுங்கு எழுத்து வழக்கில் ழகரம் இல்லை. ஆகவே தமிழரசியும் கனிமொழியும் பதிவேட்டில் வேறு ஒலியோடு ஏறுகின்றனர். இரண்டு சான்றிதழ்களில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டும் ஒருத்தியே என்று மெய்ப்பிக்கும் சுமை அவள் மேல் விழுகின்றது. இது ஜீவாவின் கொடுங்கோன்மை அன்று, எழுத்தரின் பழக்கம் மட்டுமே. ஆயினும் 'பதிவில் இல்லை' என்ற தொடர் ஓர் இளம்பெண்ணை எத்துணைத் தனிமைக்குள் தள்ளும் என்பதை இம்மாணவியர்க்கு உரையாசிரியர் விளக்க வேண்டியதில்லை.

தனிமை என்ற சொல்லே இங்கு முதன்மையானது. நிலாவின் நிலையை அகப்பொருள் மரபின் வழி நோக்கினால் அது தெளிவாகப் புலனாகும். அகத்தலைவியும் கண்காணிப்பினுள் வாழ்பவளே. தாயின் காவல், ஊரின் அலர், இற்செறிப்பு என அவளைச் சூழ்ந்து நிற்பன பல. ஆனால் தமிழ்ப் பொருளிலக்கணம் அவளை ஒருபோதும் தனியே விட்டதில்லை. தோழி என்னும் மாந்தரை அது படைத்தது. அத்தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் வரையறுக்கின்றது. காவல் செய்பவளின் வீட்டிலிருந்தே காவலை மீறுவதற்கான துணை எழுகின்றது என்பதை நம் ஆய்வாளர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அறத்தொடு நிற்றலைப் பொருளியல் எழுவகையாகப் பகுக்கின்றது. எதை, யாரிடம், எவ்வளவு, எந்த முறையில் வெளிப்படுத்தினால் தலைவி உயிர் பிழைப்பாள் என்ற நுண்ணிய உத்தி அங்கே வகுக்கப்பெற்றுள்ளது. மறைத்துக் கூறலும் அதில் உண்டு, உண்மை செப்பலும் உண்டு. கற்பியல் வாயில்கள் எனப் பன்னிருவரைச் சுட்டுகின்றது. ஓர் இளம்பெண்ணின் வாழ்வு எத்தனை பேர் வழியாக நகர்கின்றது என்பதற்கு இத்துணை விரிவான கணக்கை வைத்திருக்கும் மரபு, துயருலகப் புனைவை ஆராயப் புகும்போது 'துணிவு', 'தன்னம்பிக்கை' என்ற இரவல் சொற்களோடு நிற்பது வெட்கத்திற்குரியது.

நிலாவுக்குத் தோழி இல்லை. அவளுக்காக அறத்தொடு நிற்க ஒருவரும் இல்லை. தாயில்லை, செவிலியில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணில்லை. அரசு வாயில்கள் அனைத்தையும் அடைத்துவிட்டது. அவ்வெற்றிடத்தில் வந்து அமர்வது ஓர் எந்திர நாய். ஜீனோவின் நகைச்சுவையை மட்டும் சுவைத்து விடுபவர் அதன் பெயரிலுள்ள செய்தியைத் தவற விடுகின்றனர். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ ஆகிய அனைத்தும் இரண்டெழுத்து. குடிமக்களுக்குரிய பெயரளவு அந்த நாய்க்கும் உண்டு. புத்தகம் படிக்கின்றது, கேள்வி கேட்கின்றது, தனக்கிடப்பட்ட கட்டளையைத் தாண்டிச் சிந்திக்கின்றது. தோழியின் தொழிலாகிய மதியுடம்படுதலும் சூழ்ச்சியும் எந்திரத்தின் பங்காகிவிட்டன. மனிதர் தோழமையை இழந்த உலகில் எந்திரம் அதனைக் கற்றுக்கொள்கின்றது என்பதே நாவலின் அச்சுறுத்தல். அதனை 'சுவையான கற்பனை' என்று பாராட்டி நகர்வது ஆய்வன்று.

மனிதத் துணைகளோ ரவியும் மனோவும். ஜீவாவை வீழ்த்தப் போராடும் புரட்சியாளராக அறிமுகமாகின்றனர். அவர்களை நம்பி நிலா தன் உயிரைப் பணயம் வைக்கின்றாள். இறுதியில் ஜீவா என்பவன் ஆளே அல்லன், ஒளியால் ஆன ஹோலோகிராம் பிம்பம் என்பது வெளிப்படுகின்றது. உயிர் என்று பொருள்படும் பெயரை உயிரில்லாத ஒன்றுக்கு வைத்த ஆசிரியரின் குறும்பு இங்குப் போற்றத்தக்கது. அதன்பின் அரியணை காலியாக நிற்பதில்லை. ரவியும் மனோவும் நிலாவை அரசியாக அமர்த்தி, அவள் பெயரால் தாம் ஆளத் தொடங்குகின்றனர். பிம்பம் ஒன்று போய் வேறொரு பிம்பம் வந்தது. முன்னது ஒளியால் ஆனது, பின்னது ஒரு பெண்ணின் உடம்பால் ஆனது.

மேலைப் புனைவோடு ஒப்பிட வேண்டுமாயின் ஒப்பிட வேண்டிய இடம் இதுவே. சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008இலும் அதன் மூன்றாம் நூலாகிய 'மாக்கிங்ஜே' 2010இலும் வெளிவந்தன. அதன் தலைவி காட்னிஸை வில்லாற்றல் மிக்க தனி வீராங்கனையாகவே நம் ஆய்வேடுகள் வரைகின்றன. களத்தில் அவளைக் காத்தது வில் மட்டுமன்று. ரூ என்னும் சிறுமியோடு அவள் கொண்ட உடன்படிக்கை, அச்சிறுமி இறந்தபின் அவளது மாவட்டம் அனுப்பிய ரொட்டி, பீட்டாவின் சொற்றிறம் ஆகியன இல்லையேல் முதல் நூலிலேயே அவள் கதை முடிந்திருக்கும். அதனினும் முதன்மையானது பின்னர் வருகின்றது. கிளர்ச்சியாளர் அவளைத் தம் சின்னமாக்கிக்கொள்கின்றனர். கிளர்ச்சித் தலைவி காயின், வீழ்ந்த கொடுங்கோலனின் இடத்தில் தான் அமர முனைகின்றாள். அதனை உணர்ந்த காட்னிஸ், கொடுங்கோலனுக்கென வைத்த அம்பைக் காயின் மீது எய்கின்றாள். விடுதலை தருவோராக வரும் துணைவரே தலைவியைச் சின்னமாக்கி விழுங்குவர் என்னும் இக்கதைமுடிச்சைத் தமிழ் வார இதழ் வாசகர் காலின்ஸுக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முன்னரே படித்துவிட்டனர். இதனை முன்பின் பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. 'தமிழில் இல்லை' என்று எழுதும் முன் தமிழைப் படித்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்ல நேர்கின்றது.

வேறுபாடும் உண்டு. காட்னிஸுக்குப் பெண் துணைகள் வாய்த்தனர். சுஜாதா நிலாவுக்கு ஒருத்தியையும் தரவில்லை. இது துயருலகின் இயல்பைக் காட்டும் கலை முடிவா, ஆசிரியரின் குறையா? இரண்டும் என்பதே என் கருத்து. அரசு வாயில்களை அடைத்ததைக் காட்ட அவ்வெறுமை உதவுகின்றது. ஆனால் நிலாவின் வெகுளித்தனத்தை நகைப்புக்குரியதாக்கி, அறிவு முழுவதையும் ரவி, மனோ, ஜீனோ பக்கம் குவித்ததில் வார இதழ்த் தொடரின் எளிய வாய்பாடும் கலந்துள்ளது. மஞ்சுளா பத்மநாபன் 2008இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'எஸ்கேப்' நாவலிலும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுகின்றது. பெண்கள் அனைவரும் அழிக்கப்பெற்ற நாட்டில் எஞ்சிய சிறுமி மெய்ஜியை மறைத்து வளர்ப்போர் சிற்றப்பன், பெரியப்பன் முறையினராகிய மூன்று ஆண்கள். பெண்ணே இல்லாத உலகில் பெண்ணாக வளர்வது என்னவென்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை. அங்கும் காணாமற் போனது தோழிதான்.

காப்பிய மரபை அறிந்தோர் இந்நேரம் மணிமேகலையை நினைத்திருப்பர். நினைக்காத ஒப்பீட்டாய்வு உண்டெனில் அது நம் பாடத்திட்டத்தின் தோல்வி. உதயகுமரனின் துரத்தலுக்கு அஞ்சிப் பளிக்கறையுள் ஒளியும் இளம்பெண்ணுக்கு வெளியே நின்று அவனோடு சொல்லாடுபவள் சுதமதி. மணிபல்லவத்தில் வழிகாட்டுபவள் தீவதிலகை. பாத்திரம் கைக்கு வந்தபின் முதல் பிச்சையை யாரிடம் ஏற்பது என்பதற்கு ஆதிரையைச் சுட்டுபவள் காயசண்டிகை. தீராப் பசியுடைய அவளது நோயே அப்பாத்திரத்து உணவால் தீர்கின்றது. கணிகை மகள் ஏந்திய பாத்திரத்தில் கற்புடை மனைவி முதல் சோறிடுகின்றாள். சமூகம் எதிரெதிரே நிறுத்திய இரு பெண்கள் ஒரு பாத்திரத்தில் சந்திக்கும் இடம் அது. மகனை இழந்த அரசமாதேவி மணிமேகலையைச் சிறையிலிட்டுக் கொடுமை செய்கின்றாள். இறுதியில் அவளும் மனம் மாறுகின்றாள். பகையைத் துணையாக மாற்றும் இவ்வாற்றலைப் 'பௌத்த அறக்கருத்து' என்ற தலைப்பின்கீழ் அடைத்துவிட்டு நாம் கடந்துவிட்டோம். புகாரைக் கடல்கொண்டதும் காஞ்சியில் பஞ்சம் நிலவியதும் அந்நூலில் பின்னணிச் செய்திகள் அல்ல. அழியும் உலகில் ஓர் இளம்பெண் யாரோடு சேர்ந்து உயிர் தரிப்பாள் என்னும் வினாவுக்குரிய களங்கள் அவை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்பெறலாம். தோழி தலைவியின் காதலுக்காகப் படைக்கப்பெற்றவள், அவளுக்கென வாழ்வில்லை, அவளை அரசியல் துணையாகக் கொள்வது காலப்பிறழ்வு என்பர். தோழிக்குத் தன் வாழ்வு மறுக்கப்பெற்றது உண்மை. அது மரபின் குறையே. ஆனால் நான் கேட்பது சங்கத் தோழியை எதிர்காலத்திற்கு இடம்பெயர்க்க வேண்டும் என்பதன்று. அவள் செய்த தொழிலுக்கு இலக்கணம் வகுத்த மரபு, அத்தொழில் இல்லாமற் போன புனைவைக் கண்டவுடன் அவ்வில்லாமையை அடையாளம் காண வேண்டும் என்பதே. மற்றொரு தடை, வார இதழ்த் தொடர்கதை முனைவர் பட்டத்திற்குத் தகுமா என்பது. எட்டுத்தொகையைத் தொகுத்தோர் அரசரையும் பெயர் தெரியாதவரையும் ஒரே நூலில் வைத்தனர். நமக்கு மட்டும் ஏன் இத்துணை ஆசாரம் என்பது விளங்கவில்லை.

வகுப்பறையில் இதன் விளைவு சிறியதன்று. எல்லைப்புறச் சிற்றூரிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணிடம், தலைவி துணிவால் வென்றாள் என்று கற்பிக்கின்றோம். வெல்லாவிடின் துணிவு போதாதது அவள் குற்றமாகின்றது. அவளோடு பேருந்தில் வருபவள் யார், அவள் வீட்டில் அவளுக்காக அறத்தொடு நிற்பவர் யார், உதவ வருவோருள் அவளைச் சின்னமாக்க நினைப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு அப்பாடத்தில் இடமில்லை. நிலாவின் கதையிலும் மணிமேகலையின் கதையிலும் உண்டு. அவ்விரு நூல்களையும் ஒரே தாளில், ஒரே பருவத்தில் அடுத்தடுத்து வைக்கப் பாடத்திட்டக் குழுக்கள் முன்வருமாயின், இந்த மறுப்புக்குத் தேவை இராது.