பிள்ளையை மட்டும் அனுப்பாதீர்கள்



"ஹஜ்ரத், இவன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கொஞ்சம் ஓதிப் பாருங்கள்" என்று பிள்ளைகளை மதரசாவுக்கு அழைத்து வரும் பெற்றோர் திருநெல்வேலி டவுணிலும் உண்டு, மேலப்பாளையத்திலும் உண்டு. துஆச் செய்வது எங்கள் கடமை, செய்கிறோம். ஆனால் அவர்களுள் சிலர் ஆற்றுக்கு அப்பால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் செல்ல வேண்டியவர்கள். அதைச் சொன்ன மாத்திரத்தில், "என் பிள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று முகம் சிவப்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்பவர்களோ, "மாமாவோடு அனுப்பி வைக்கிறேன்" என்பார்கள். நான் எழுத முனைவது இந்த இரண்டாவது பதிலைப் பற்றித்தான்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நாள்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. வீட்டார் அதனை நடிப்பு என்பார்கள். நடிப்பன்று, அவனுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. உடலில் நோயில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னர் மனநல ஆலோசகர், "இது எப்போது தொடங்கியது? அப்போது வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கிறார். வாப்பா விடுமுறை முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பிய மாதம் அது. உம்மா மயங்கி விழுந்ததும் அதே மாதம்தான் என்று தெரிய வருகிறது. சிறுவனிடம் ஒரு தாளைக் கொடுத்து வீட்டைப் படமாக வரையச் சொல்கிறார். உம்மாவுக்கு அருகில் தன்னை ஒட்டி வரைகிறான். வாப்பாவைத் தாளின் ஓரத்தில் சிறிதாக வரைகிறான். படம் ஒன்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆயினும் பேச்சுக்கு அது வாசலைத் திறக்கிறது. தான் பள்ளியில் இருக்கும்போது உம்மாவுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்னும் அச்சம் அப்போதுதான் வெளிப்படுகிறது. சிறு பிள்ளைகள் மனத்துயரை வாயால் சொல்வது அரிது. வயிற்றால் சொல்கிறார்கள், அடத்தால் சொல்கிறார்கள், விளையாட்டால் சொல்கிறார்கள். மனநல ஆலோசகரின் அறையில் பொம்மைகளும் வண்ணப் பென்சில்களும் கிடப்பது பொழுதுபோக்குக்காக அன்று.

இனி மருந்து யாருக்கு? உம்மாவின் மயக்கத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். தொலைபேசியில் மதிப்பெண் மட்டும் கேட்கும் வாப்பா, மகனிடம் வேறு செய்திகளும் பேச வேண்டும். பள்ளி ஆசிரியரோடு கலந்து, முதல் நாள் வாசல் வரை, பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று சிறுவனைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். மாமா மட்டும் அழைத்துப் போயிருந்தால் இவற்றுள் எது நடந்திருக்கும்?

குடும்பத்தையே முன்னிறுத்தி வைத்தியம் செய்வது மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவில் சல்வடோர் மினுச்சின் போன்றோர் இதனை ஒரு துறையாக வளர்த்தது 1960களிலும் 70களிலும். அதற்கு முன்பே, 1950களில், அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்க வைத்தார். மருத்துவமனையில் அத்தனை நெரிசல். இல்லாமையே வழி காட்டியது. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும், குடும்பத்தார் நோயாளியோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. வீட்டார் அருகிருந்து பார்த்தார்கள், நோயைப் புரிந்துகொண்டார்கள், திரும்பிய பின்னும் பராமரிக்கத் தெரிந்தவர்களானார்கள்.

இதற்கு நேர்மாறானதும் நம் மாவட்டங்களுக்கு அருகிலேயே நடந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தோரை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். காப்பகம் நடத்தியவர்களைக் குறை கூறுவது எளிது; கூறவும் வேண்டும். ஆனால் அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் யார்? பெரும்பாலும் சொந்த வீட்டார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. பதினெட்டு வயது நிறையாதவரை மருத்துவமனையில் சேர்த்தால், வீட்டாரோ அவர்கள் சார்பில் ஒருவரோ முழுக் காலமும் உடன் தங்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. 2008இல் குசராத்தின் மீரா தாதார் தர்காவில் மருந்தும் துஆவும் கைகோத்து நடக்கும் ஏற்பாடு தொடங்கியது. முஜாவிர்களே நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பினார்கள். நம் உலமாக்களுக்கு இதில் பார்த்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

குமரப் பருவத்துப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோருக்குக் கசக்கும் செய்தி ஒன்றுண்டு. பதினாறு வயது மகள் உள்ளே முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தால், "என்ன சொன்னாள்?" என்று அறியத் துடிக்கிறோம். நல்ல மனநல ஆலோசகர் முதல் நாளே இரு தரப்பையும் அமர்த்தி, எது இரகசியமாக இருக்கும், எது இராது என்று சொல்லிவிடுவார். உயிருக்கு ஆபத்து என்றால் பெற்றோரிடம் சொல்வார். பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆக வேண்டும். மற்றவை அவளுடையவை. உறவினர் நடுவில் பிள்ளையின் குறைகளைப் பட்டியலிட்டே பழகிய நமக்கு இது கடினந்தான்!

நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் செல்லும் நாளில் பள்ளி மதிப்பெண் அட்டையையும், பிள்ளை உண்ணும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் அந்நேரத்தில் தொலைபேசியில் கிடைக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். "அடங்காவிட்டால் ஊசி போடுவார்கள்" என்று வழியெல்லாம் மிரட்டிக்கொண்டு போகாதீர்கள். வண்ணார்பேட்டைப் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளை கேட்டால், "நாம் எல்லோரும் ஒருவரிடம் பேசிவிட்டு வரப் போகிறோம், உம்மாவும்தான் பேசப் போகிறேன்" என்று சொல்லுங்கள்.