அவசரத்தின் பெயரால் எழும் புகை

கணனியில் விரல் பட்ட மறுகணமே தகவல் வந்து சேரும் இக்காலத்தில், அத்தகவலைத் தேக்கிவைக்கும் தரவு மையங்கள் ஒரு கணமேனும் மின்சாரமின்றி இருக்கவியலாது. மின்விநியோகம் தடைப்பட்டால் உடனே இயங்குவதற்கென இம்மையங்களில் பாரிய டீசல் மின்பிறப்பாக்கிகள் வரிசையாக நிறுவப்பட்டுள்ளன. இவற்றின் புகை ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் சர்ச்சைக்குரிய விடயமாகியுள்ளது.

உலகிலேயே தரவு மையங்கள் மிகச் செறிந்துள்ள பிரதேசம் வட வேர்ஜீனியாவாகும். குடியிருப்புகளுக்கு அண்மையிலும் இவை எழுந்துள்ளன. டீசல் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்துகள்களும் சுவாச நோய்களுக்கு வழிவகுப்பவை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் டீசல் புகையை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் காரணியாக வகைப்படுத்தியது.

எனினும், அவசரகால இயந்திரங்கள் என்பதால் அமெரிக்க சமஷ்டி விதிகள் இவற்றுக்குக் கடுமையான மாசுக்கட்டுப்பாட்டுத் தரங்களிலிருந்து விலக்களித்துள்ளன. அரிதாகவே இவை இயங்கும் என்ற நம்பிக்கையே அவ்விலக்கின் அடிப்படை. அந்த நம்பிக்கைதான் இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது.

மின்வலையமைப்பின் நெருக்கடி வேளைகளில் அவசரகால இயந்திரங்களை ஆண்டுக்கு 100 மணித்தியாலங்கள் வரை இயக்க இடமளித்த சமஷ்டி விதியை 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆயினும் 2023 இல் வேர்ஜீனியாவின் சூழல் தரத் திணைக்களம், மின்கடத்தல் வசதி போதாமையைக் காரணங்காட்டி, தரவு மையங்களுக்குத் தற்காலிக விலக்களிக்க முற்பட்டது. மக்களின் எதிர்ப்பையடுத்து அம்முயற்சி கைவிடப்பட்டது. 2024 ஜூலையிலோ மின்மார்க்கமொன்றில் ஏற்பட்ட கோளாறினால் ஏறத்தாழ 60 தரவு மையங்கள் ஒரேவேளையில் வலையமைப்பிலிருந்து விலகிச் சொந்த மின்சாரத்துக்கு மாறின. அவற்றின் மின்தேவை சுமார் 1,500 மெகாவாட். ஒரு பிரதேசத்தின் இயந்திரங்கள் ஒருமித்து இயங்கக்கூடும் என்பதை இச்சம்பவம் உணர்த்தியது.

வங்கிகளும் வைத்தியசாலைகளும் தரவு மையங்களில் தங்கியிருப்பதால் மாற்று மின்சாரம் அவசியமே. ஆனால், கோடிக்கணக்கான டொலர்களை முதலிடும் நிறுவனங்களுக்குப் புகை வடிகட்டிகளைப் பொருத்துவதும் மின்கலத் தொகுதிகளை நிறுவுவதும் இயலாத காரியமல்ல. ஒவ்வொரு மையத்தையும் தனித்தனியே நோக்காது, பிரதேசத்தின் மொத்த மாசையும் கணக்கிட்ட பின்னரே புதிய அனுமதி வழங்கப்பட வேண்டும்.

தரவு மையங்களின் பயனை உலகம் முழுவதும் அனுபவிக்கின்றது. புகையைச் சுவாசிப்பவர்களோ அவற்றின் அயலவர்கள் மட்டுமே. மின்சாரப் பற்றாக்குறை நிரந்தரமாகிவிட்டால் அதனை அவசரநிலை என்றழைப்பது பொருந்தாது. அது திட்டமிடலின் தோல்வியாகும். அத்தோல்வியின் சுமையை மக்களின் நுரையீரல்கள் சுமப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.