டவர் போன நாளுக்கும் காசு

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாட்றாம்பாளையம் பக்கம் டவர் போய் ஒரு நாள் ஆகட்டும், இரண்டு நாள் ஆகட்டும், கடைத் திண்ணையில் விழும் பேச்சு ஒன்றுதான்: “காட்டு ஊருல டவர் இருக்குறதே பெருசு. இதுக்குப் போய் கம்பெனிக்காரன்கிட்ட காசு கேக்க முடியுமா?” கேட்பவர்களும் ஆமாம் போட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். அறியாமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்தப் பணிவைப் பொறுக்க முடியவில்லை. மழை பொய்த்தால் யாரிடமும் போய் நிற்க முடியாது. செல்போன் சிக்னலை அந்தக் கணக்கில் சேர்த்தது யார்? முன்பணம் கட்டி வாங்கிய பொருள் அது. பால்காரர் இரண்டு நாள் பால் ஊற்றவில்லை என்றால் கதவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டரில் அந்த இரண்டு தேதிக்கும் சுழி போட்டு, மாதக் கடைசியில் கழித்துக்கொண்டுதான் காசு கொடுக்கிறோம். பால்காரரிடம் கறாராக இருக்கிற அதே வீடு, 28 நாளுக்கும் சேர்த்து முதல் நாளே காசு வாங்கிக்கொண்ட கம்பெனியிடம் வாய் திறப்பதில்லை.

கேட்டால் கிடைக்காது என்பவர்கள் மும்பையைப் பார்க்கட்டும். 2022 பிப்ரவரி 5, சனிக்கிழமை. மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஜியோ சேவை சில மணி நேரம் படுத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு நாள் வேலிடிட்டியை நிறுவனமே கூட்டிக் கொடுத்தது. யாரும் மனு எழுதவில்லை, வக்கீல் வைக்கவில்லை. கொடுத்தாக வேண்டும் என்ற விதியும் அன்று கிடையாது. போனது சில மணி நேரம், வந்தது இரண்டு நாள். அதே ஆண்டு ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் சேவை நாடு முழுக்க நின்றுபோனபோது ஐந்து நாள் கட்டணத்தைத் திருப்பித் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆக, கம்பெனிகளுக்குக் கொடுக்கத் தெரியும், கொடுக்கிற கணினி ஏற்பாடும் இருக்கிறது. மும்பை சத்தம் போடும் என்று பயந்து கொடுத்தார்கள். நாம் போட மாட்டோம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது விதியே வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத்தர ஒழுங்குமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு மாவட்டத்தில் சேவை 4 மணி நேரத்துக்கு மேல் நின்றால் 24 மணி நேரத்துக்குள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்தைத் தாண்டினால் போஸ்ட்பெய்டுகாரர்களுக்கு அடுத்த பில்லில் வாடகைக் கழிவு, பிரீபெய்டுகாரர்களுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. ஒரே நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் போனால் அதை முழு நாளாகவே கணக்கிட வேண்டும். இயற்கைப் பேரிடருக்கு மட்டும் விலக்கு. இவ்வளவு எழுதியவர்கள் ‘மாவட்டம்’ என்ற ஒரு சொல்லில் நம்மைக் கைவிட்டுவிட்டார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. ஒரு முனையில் ஓசூர் சிப்காட், மறுமுனையில் அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் மலைச்சாலையும் அதன் ஓரத்து ஊர்களும். ஓசூரில் சிக்னல் முழுதாக இருக்கும்வரை, நாட்றாம்பாளையம் மூன்று நாள் ஊமையாகக் கிடந்தாலும் மாவட்டத்தில் சேவை நின்றதாக ஆகாது. ஒரு டவரை நம்பி நாலைந்து ஊர் வாழும் மலைப்பகுதிக்கு மாவட்டக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. அளவுகோல் ஊராட்சியாக, குறைந்தபட்சம் டவராக மாற வேண்டும். எந்த டவர் எந்த நிமிடம் நின்றது, எப்போது உயிர் வந்தது என்பது கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைத் திரையிலேயே தெரியும். முடியாது என்று அவர்கள் சொல்ல இடமில்லை.

கோர்ட்டே தள்ளிவிட்டதே என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. அழைப்பு அறுந்தால் ஒரு ரூபாய், நாளொன்றுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் என்று 2015இல் டிராய் போட்ட உத்தரவை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது உண்மை. நூற்றுக்கு இரண்டு அழைப்பு அறுவதை நீங்களே தரவிதியில் அனுமதித்துவிட்டு, யார் தவறு என்றும் பாராமல் எல்லா அறுபடலுக்கும் தண்டம் போடுவது எப்படிச் சரி என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. வாடிக்கையாளருக்கு எந்த உரிமையும் இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அதற்கு முன் 2009இல், டெலிபோன் தகராறுக்கு நுகர்வோர் மன்றம் போகக் கூடாது என்றொரு தீர்ப்பு வந்தது. பல்லாண்டு காலம் கம்பெனி வக்கீல்கள் அதைக் காட்டியே வாசலில் மறித்தார்கள். அந்தக் கதவு 2022 பிப்ரவரி 16 அன்று திறந்துவிட்டது. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவர், வழக்கமாக மாதம் 555 ரூபாய் அளவில் வந்த பில் 24,609 ரூபாயாக வந்ததற்கு நியாயம் கேட்டு 2014இல் மாவட்ட மன்றத்துக்குப் போனார். கேட்ட நஷ்டஈடு 22,000 ரூபாய். வோடபோன் ஐடியா அதை உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது, நுகர்வோர் மன்றம் இந்த வழக்கை விசாரிக்கலாம் என்று அங்கே தீர்ப்பானது. 22,000 ரூபாய் வழக்குக்கு டெல்லி வரை வக்கீல் அனுப்புகிறார்கள் என்றால், ஒருவர் கேட்டால் ஊரே கேட்கும் என்ற பயம்தான் காரணம்.

தொகை அற்பம் என்பது அடுத்த சமாதானம். 28 நாளுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் என்று வைத்தால் ஒரு நாளுக்கு 10 ரூபாய் 68 காசு. தனி ஆளுக்கு அது ஒரு டீக்காசுதான். ஆயிரம் போனுக்கு இரண்டு நாள் என்று பெருக்கினால் 21,000 ரூபாய்க்கு மேல் வரும். கொடுக்காத சேவைக்கு வாங்கிக்கொண்ட பணம் அது. மும்பையில் இரண்டு நாள் கணக்கு பெரிதாகத் தெரிந்தது, மலையில் மட்டும் சில்லறையாகத் தெரிவானேன்?

காடு, யானை, டீசல் ஏற்ற முடியாத ரோடு என்று கம்பெனிக்காக நாமே வாதாடுகிறோம். ரீசார்ஜ் விலையில் மலைக்கென்று ஒரு ரூபாய் குறைத்தார்களா? ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்ன விலையோ அதே விலைதான் இங்கேயும். எட்டாத ஊர்களுக்குச் சேவை கொண்டுபோகவே எல்லா நிறுவனங்களின் வருமானத்திலும் 5 சதவீதம் தனி நிதியாகப் பிடிக்கப்படுகிறது, இப்போது அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் அடுத்தடுத்த நாளில் விலையை ஏற்றியபோது மலையூர்களுக்கும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள். மாதத்தை 28 நாளாக வெட்டி ஆண்டுக்கு 13 ரீசார்ஜ் வாங்குவதிலும் விலக்கு இல்லை. ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்க, சிலிண்டர் இறக்க ஓடிபி சொல்ல, அப்பாவின் பென்ஷன் வந்ததா என்று பார்க்க, ராத்திரியில் யானை இறங்கியிருக்கிறது என்று பக்கத்து ஊர்க்காரர் சொல்வதைக் கேட்க எல்லாவற்றுக்கும் அந்தச் சிக்னலில்தான் தொங்குகிறோம். எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோய் வைத்த அரசு, போன் நின்றால் யார் பொறுப்பு என்பதை மட்டும் மாவட்டத்தோடு நிறுத்திவிட்டது.

டிராய் அளவுகோலை மாற்றும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. டவர் வந்ததும் 198க்கு அடித்து, புலம்பி வைத்துவிடாமல், புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்ததா என்று பார்த்து வாங்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அங்கே முதலில் கேட்பது எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் என்பதைத்தான். பால் வராத நாளுக்குச் சுழி போடும் அதே காலண்டரில், டவர் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் பேனாவால் குறித்துக்கொண்டே வரலாம்.